உப்பளத்துக் குதிரையின் கடைசி அத்தியாயம்

விழுப்புரம்
27.4.2025

வெண்ணிலாவுக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். நீ, உன் வீட்டுக்காரர், பாப்பா மூன்று பேரும் சுகம்தானே? பாப்பாவுக்கு ரோஜா என்று பேர் வைத்திருப்பதே, திண்டிவனத்து ஆள் ஒருவர் உன் மாமாவின் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது அவரிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒன்பது வருஷம் கழித்து என்ன கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசலாம்தான். ஆனால் நீ சகாயராஜைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு அப்பா, "இனிமே அவ குரலு இந்த ஊட்டுக்குள்ள கேக்கக்கூடாது" என்றார். குரல்தானே கேட்கக்கூடாது? கடுதாசிக்கு ஏது குரல்? நீயும் வீட்டு விலாசத்துக்கே எழுது. போஸ்ட்மேன் அப்பா கையிலேயே கொடுக்கட்டும். ஒளித்து வைத்துப் படிக்கிற வயசையெல்லாம் நான் தாண்டியாச்சு.

விஷயம் இதுதான். என் பையன் வல்லரசுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டார்கள். பத்து வயசாகிறது, காலையில் எடுத்த போனைச் சார்ஜ் தீரும்வரை கீழே வைப்பதில்லை. பிடுங்கினால் ஊரைக் கூட்டுகிறான். "எனக்கு வேற இன்னா இருக்குது இந்த ஊட்டுல?" என்று கேட்கிறான். எனக்கு உடனே 'உப்பளத்துக் குதிரை'தான் ஞாபகம் வந்தது. மே மாசம் பிறந்தால் மொட்டை மாடியில் அம்மா அதைப் படிப்பார்கள், நாம் மல்லாட்டை உரித்து வேர்க்கடலையைக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்போம். வாரப் பத்திரிகையில் வந்த தொடரை, முழுசாகத்தான் படிப்பேன் என்று அம்மா வாராவாரம் படிக்காமலே வெட்டிச் சேர்த்து, ஸ்டேஷன் பக்கம் கொடுத்து பைண்டிங் போட்டு வைத்த புத்தகம். கடையில் தேடினாலும் கிடைக்காது, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

வீட்டை விட்டுப் போகிறவர்கள் நகையைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். நீ கழுத்துச் செயினைக் கழற்றி வைத்துவிட்டு இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாய். செயின் போனால்கூட அப்பா அவ்வளவு கத்தியிருக்க மாட்டார்.

அதை அனுப்பி வை. பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். வெயில் கொளுத்துகிறது, பாப்பாவை மத்தியானத்தில் வெளியே விடாதே.

உன் அக்கா
கலைப்பிரியா


திண்டிவனம்
3.5.2025

அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை கோபம் வந்தது. இருக்கிறாளா செத்தாளா என்று ஒன்பது வருஷமாகக் கேட்காதவளுக்கு இப்போது புத்தகம் வேண்டுமாம்! அம்மாடி, என்ன தைரியம் உனக்கு!

முழுப் புத்தகத்தைத் தர மாட்டேன். அந்த வீட்டுக்குள் போனால் அது திரும்பி வராது. அதுவும் இல்லாமல், இந்த லீவில் ரோஜாவுக்கு அதைப் படித்துக்காட்டலாம் என்று நானே வைத்திருந்தேன். அவளுக்கு எட்டு வயசாகிறது, கதை கேட்கிற வயசு.

ஆனால் வல்லரசு என்ன பாவம் செய்தான்? ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். சகாயம் மோட்டார் காயில் கட்டுகிற கடையிலிருந்து மெல்லிசாக ஒரு பிளேடு எடுத்து வந்தார். பைண்டிங் நூலை ஒவ்வொன்றாக அறுத்தோம். அம்மா கட்டி வைத்ததைப் பிரிக்கிறோமே என்று பாதியில் பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். "பிரிச்சாதானே ரெண்டு ஊட்டுலயும் படிக்கலாம்?" என்றார் அவர். சரிதான் என்று பட்டது.

மொத்தம் இருபத்துநாலு அத்தியாயம். முதலில் நாங்கள் படிப்போம், படித்ததை உனக்குத் தபாலில் போடுவேன். இத்துடன் முதல் எட்டு இருக்கிறது. தாள்களை வரிசை மாற்றிவிடாதே. அத்தியாயத்துக்குத் தலைப்புதான் உண்டு, நம்பர் கிடையாது. தேதி போட்டிருந்த ஓரத்தையெல்லாம் பைண்டிங்காரர் ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

அம்மா போட்ட சட்டம் அப்படியே இருக்கட்டும். முன்னாடியே எடுத்துப் படிக்கக்கூடாது. அடுத்து என்ன என்று கேட்கிறவர்கள் ஒரு படி மல்லாட்டையைத் தனியாக உரிக்க வேண்டும். தாள்களின் பின்பக்கம் ஒட்டியிருக்கிற பழுப்புத்தாளை யாரும் பிய்க்கக்கூடாது. பின்னால் இருக்கும் புதிரும் விளம்பரமும் தெரியாமல், நிஜப் புத்தகம் மாதிரி இருக்க வேண்டும் என்று அம்மா ஒட்டச் சொன்னது அது. மகனிடம் கண்டித்துச் சொல்லிவிடு.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லு. மற்றவர்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

வெண்ணிலா


விழுப்புரம்
11.5.2025

வெண்ணிலாவுக்கு,

தாள்கள் கசங்காமல் வந்து சேர்ந்தன. உன் வீட்டில் எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே எனக்கு மட்டும் வேர்க்குரு. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

போஸ்ட்மேன் நான் ஆசைப்பட்டபடியே அப்பா கையில் கொடுத்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அனுப்புநர் பேரைப் படித்தார். கிழித்துப் போடுவார், நாலு வார்த்தை கத்துவார், நானும் நாலு கத்தலாம் என்று தயாராக நின்றேன். அவர் எழுந்து போய் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "உனக்கு இன்னாமோ வந்திருக்குது" என்றார், அவ்வளவுதான். சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்ற எனக்கு சப்பென்று போய்விட்டது.

சாயங்காலம் மாடியில் பாய் போட்டு ஆரம்பித்தேன். வல்லரசு முதலில் காதில் வாங்கவே இல்லை. அந்தப் பொண்ணு தாழையின் அப்பா உப்பள மேஸ்திரி, சர்க்கஸ்காரர்கள் நொண்டிக் குதிரையைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள், தாழை அதற்குக் கொள்ளு திருடிக் கொடுக்கிறாள் என்று வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்தான். மேஸ்திரி குதிரையைத் துரத்தச் சொன்னதும், "அப்புறம் இன்னாச்சும்மா?" என்று கேட்டுவிட்டான். ஒரு படி மல்லாட்டை தண்டனை. முணுமுணுத்துக்கொண்டே உரித்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அப்பாவும் மாடிக்கு வந்தார். காற்றுக்கு வந்தாராம். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். "கருக்கலில் தாழை எழுந்தாள்" என்று நான் படித்ததும் துண்டுக்குள்ளிருந்து, "கருக்கல் இல்ல, விடியக்காத்தால" என்று குரல் வந்தது. தாளைப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அவருக்கு எல்லாம் மனப்பாடம்! அம்மா படிக்கும்போது தூங்குகிறார் என்றல்லவா நினைத்திருந்தோம்?

அடுத்த எட்டையும் ஜல்தி அனுப்பு. இவன் என்னை பேஜாராக்குகிறான்.

அக்கா


திண்டிவனம்
18.5.2025

அக்காவுக்கு,

வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணி தடவு. நாங்கள் சுகம். ரோஜாவுக்கு ஒரு பல் விழுந்தது, அதுதான் இங்கே பெரிய விசேஷம்.

இந்த எட்டையும் போன ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல் மலைப்பாறையில் உட்கார்ந்து படித்தோம். சகாயம்தான் படித்தார். குதிரை பேசுகிற இடமெல்லாம் குரலை மாற்றிப் படித்தார், கோயிலுக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ரோஜாவுக்கு ஒரே பெருமை. மேஸ்திரி குதிரையை அடிக்கிற இடத்தில், "அந்தத் தாத்தா கெட்டவரா?" என்று கேட்டாள். "தாத்தா இல்லடி, அப்பா" என்றேன். "எனக்குத் தாத்தா மாதிரிதான் தெரியுது" என்றாள். அவளுக்கு நான் யாரைப் பற்றியும் எதுவும் சொன்னதில்லை அக்கா. சத்தியம்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு வருஷப் படையல் ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. என்னைக் கூப்பிடுவீர்களா?

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவைத் தூக்கும்போது நான் தெருமுனையில் நின்றேன். முத்துசாமி சித்தப்பா, "உள்ள வந்தா பாடை நவுராது" என்றார். கேட்டைச் சாத்தின கை யாருடையது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் இப்போது பேசவில்லை. அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என் குறை. படத்துக்கு முன்னால் ஒரு கற்பூரமாவது ஏற்ற வேண்டும்.

ஆனால் கூப்பிடாமல் வர மாட்டேன். தாழை குதிரையோடு போனவள், மேஸ்திரி உப்பளக் கரையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதானே வீடு திரும்பினாள்? அம்மா அதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள், "மானம்னா அப்படி இருக்கணும்" என்று. அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவள் நான். காலனிப் பையனைக் கட்டினவள் என்று கூனிக்குறுகி வந்து நிற்க என்னால் முடியாது. கூப்பிட்டால் மூன்று பேரும் நிமிர்ந்து வருவோம்.

ஆம் இல்லை என்று ஒரே வரியில் எழுது, போதும்.

வெண்ணிலா


விழுப்புரம்
26.5.2025

வெண்ணிலாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். ரோஜாவின் பல்லைக் கூரை மேல் போட்டீர்களா?

பதினாறாவது அத்தியாயம்வரை முடித்துவிட்டோம். தாழை குதிரையோடு ஓடைக்கரையில் தூங்குகிற இடத்தில் வல்லரசு அழுதுவிட்டு, கண்ணில் தூசி என்றான். உன் மாமாவும் டூட்டி இல்லாத நாளில் வந்து உட்காருகிறார். இந்த வருஷம் மல்லாட்டை நல்ல காய்ப்பு, திரட்சியாக இருக்கிறது. அப்பாதான் தினமும் வயலுக்குப் போய் வருகிறார். கரண்டு அடிக்கடி போகிறது. பக்கத்து வீட்டு பானுப்ரியாவும் அவள் பிள்ளைகளும்கூட இப்போது கதை கேட்க மாடிக்கு வந்துவிடுகிறார்கள்.

மீதி எட்டையும் அனுப்பினால் ஸ்கூல் திறப்பதற்குள் முடித்துவிடலாம்.

அக்கா


திண்டிவனம்
2.6.2025

அக்காவுக்கு,

சுகத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ மல்லாட்டை காய்ப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையெல்லாம் நம் மாடியில் ஏறிக் கதை கேட்கலாம், நான் மட்டும் தெருமுனையைத் தாண்டக்கூடாது. நல்லாயிருக்குது நியாயம்! சகாயம் உன் கடுதாசியைப் படித்துவிட்டு, "உங்கக்கா சங்கடத்துல இருக்கறாங்க, விடு" என்றார். அவர் நல்லவர், விடுவார். நான் விட மாட்டேன்.

இனி ஒரு தாளும் அனுப்புவதில்லை என்றுதான் இருந்தேன். ரோஜா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "வல்லரசு அண்ணா இன்னாம்மா பண்ணாரு? பாதிக் கதையில நின்னா தூக்கம் வராதும்மா" என்றாள். அதனால் அவனுக்காக ஏழு அத்தியாயம் அனுப்புகிறேன். உனக்காக இல்லை.

கடைசி அத்தியாயம் என்னிடம்தான் இருக்கும். தபாலில் வராது. வல்லரசுக்கு அது வேண்டுமென்றால் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ் இருக்கிறது, அவங்கப்பாவே கண்டக்டர்தான்.

ரோஜா ஒரு கேள்வி கேட்டாள். மேஸ்திரி கரையில் நின்று கூப்பிடுகிற 'குரல்' அத்தியாயத்தில், அவர் கையில் கொள்ளு வாசம் அடித்தது என்று வருகிறது. குதிரைதான் இன்னும் திரும்பி வரவில்லையே, அவர் கையில் ஏன் கொள்ளு வாசம் என்கிறாள். நாம் சின்ன வயசில் கேட்டபோது, மகள் நினைப்பில் கொள்ளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருப்பார் என்று அம்மா சொன்னார்கள். அதையே சொன்னேன். "அந்த அப்பா அப்படிச் செய்யற ஆள் இல்லம்மா" என்றுவிட்டாள். எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

வெண்ணிலா


விழுப்புரம்
15.6.2025

வெண்ணிலாவுக்கு,

நீ சுகமா என்று கேட்கக்கூட பயமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. இந்தக் கடுதாசியை உட்கார்ந்து படி.

போன தடவை நான் ஏன் மழுப்பினேன் என்றால், உன் கேள்வியை அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அவர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை. "மேஸ்திரி கூப்பிட்டாரு, பொண்ணு வந்தா. நான் மேஸ்திரி இல்ல. கூப்பிட மாட்டேன்" என்றார். முத்துசாமி சித்தப்பா வேறு வந்து, "அவ வந்தா நாங்க எலையில உக்கார மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீயும் தாழையைப் பிடித்துக்கொண்டாய், அவரும் தாழையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் நான் மல்லாட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது நடந்ததைக் கேள். நீ கண்டிக்கச் சொன்ன வேலையை உன் அக்கா மகன் செய்துவிட்டான். தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறான், பழுப்புத்தாளுக்கு அடியில் ஏதோ படம் தெரிந்திருக்கிறது. வாளித் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எல்லாவற்றையும் உரித்துவிட்டான். நான் பார்த்தபோது மாடி முழுக்கத் தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. விளக்குமாற்றை எடுத்துவிட்டேன். அவன் ஓடிக்கொண்டே, "யம்மா, கதை தப்பும்மா! மாத்தி வெச்சிருக்காங்கம்மா!" என்று கத்தினான்.

தாழை கொட்டுகிற மழையில் குதிரையேறி வீட்டுக்கு வருகிறாளே, 'மழை' அத்தியாயம், அந்தத் தாளின் பின்பக்கம் குடைக்காரர் படம் ரெண்டு போட்டு, ஆறு வித்தியாசம் கண்டுபிடி, விடை அடுத்த வாரம் என்று இருக்கிறது. அந்த விடை எங்கே இருக்கிறது தெரியுமா? 'குரல்' அத்தியாயத்தின் பின்பக்கம். "சென்ற வாரக் குடைக்காரர் படத்துக்கு விடை" என்று கொட்டை எழுத்தில். முதல் வாரம் 'மழை', அதற்கு அடுத்த வாரம்தான் 'குரல்'. பைண்டிங்காரர் ரெண்டையும் முன்பின்னாக வைத்துத் தைத்துவிட்டார். நாமும் முப்பது வருஷமாக அப்படியே படித்துக்கொண்டிருக்கிறோம்.

மேஸ்திரி தாழையைக் கூப்பிடவே இல்லை, வெண்ணிலா! யாரும் கூப்பிடாமல் அவளே வந்தாள். குதிரையைத் தூணில் கட்டினாள், உட்கார்ந்து சோறு தின்றாள். அதற்கப்புறம்தான் அவர் கரைக்குப் போய் அவள் பேரைச் சொல்லிக் கத்துகிறார். வந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்கிறார். குதிரைக்குக் கொள்ளு வைத்த கையோடு போனதால்தான் கையில் கொள்ளு வாசம். ரோஜாவுக்கு என் முத்தம் ஒன்று கொடு.

ரெண்டு தாளையும் அப்பாவிடம் கொண்டுபோய் வைத்தேன். ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பைண்டிங் போட்டவன் கவனமில்லாத பய" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. இனிமேலும் கேட்கப்போவதில்லை. உன்னையும் நான் கூப்பிடப்போவதில்லை. நான் கூப்பிட்டால் அது என் தயவு ஆகிவிடும். உன் அம்மா படையலுக்கு வர உனக்கு யார் தயவு வேண்டும்? இந்த வீட்டில் உலை வைக்கிறவள் நான். மூன்று பேருக்குச் சேர்த்து அரிசி போடுவேன். அதற்குமேல் உன் இஷ்டம்.

கலைப்பிரியா


திண்டிவனம்
21.6.2025

அக்காவுக்கு,

சுகம்.

உன் கடுதாசியைச் சகாயத்திடம் படித்துக்காட்டினேன். "நான் வந்து உனக்கு அவமானம் ஆயிடுச்சுன்னா?" என்று கேட்டார். ஒன்பது வருஷத்தில் அவரிடம் நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை. நீங்கள் வராவிட்டால் நானும் போகவில்லை என்றேன். உடனே போய் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குப் போட்டுவிட்டு வந்தார்.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வரவில்லை. யார் காலிலும் விழ மாட்டேன். முத்துசாமி சித்தப்பா இலையை விட்டு எழுந்தால், அந்த இலையில் என் மகள் உட்கார்ந்து சாப்பிடுவாள். இதை அங்கே எல்லோரிடமும் சொல்லிவிடு. சொல்லாமல் வந்தாள் என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது.

கடைசி அத்தியாயத்தை எடுத்து வரச்சொல்லி ரோஜா கேட்டாள். மாட்டேன் என்றுவிட்டேன். நான் வருவது அம்மாவுக்காக, கதைக்காக இல்லை.

வெண்ணிலா


விழுப்புரம்
1.7.2025

என் வெண்ணிலாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் ரோஜா வாந்தி எடுத்தாளா? ரெண்டு தடவை பாயசம் வேண்டாம் என்று சொன்னேன், கேட்டாளா?

நீ உள்ளே வந்ததிலிருந்து திரும்பிப் பார்க்கவே இல்லை. அதனால் உன் முதுகுக்குப் பின்னால் நடந்ததை நான் சொல்கிறேன்.

நீங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அப்பாவும் நானும் மாடியில் காக்காவுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தோம். "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் உன்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். நீ தலையை நிமிர்த்திக்கொண்டு, ரோஜாவை ஒரு கையிலும் உன் வீட்டுக்காரரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாய். எங்கே தெருமுனையில் நின்றுவிடுவாயோ என்று கைப்பிடிச் சுவரில் எக்கி எட்டிப் பார்த்தேன். நீ நிற்கவில்லை. வாசல் கேட்டு இருந்த இடத்தில் மட்டும் ஒரு நொடி நின்றாய்.

கேட்டு எங்கே என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாத்தினவளே திறக்க வேண்டும் என்று, முந்தின நாளே உன் மாமாவை விட்டுக் கழற்றிப் பின்கட்டில் சாய்த்து வைத்துவிட்டேன். பெயின்ட் அடிக்கணும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

நீங்கள் மூன்று பேரும் வாசலைத் தாண்டி உள்ளே போகும்வரை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மறுபடியும் கூப்பிட்டார் பார், "கா! கா!" என்று, அப்பப்பா! நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தில் பயந்துபோய் வந்த காக்காவும் பறந்துவிட்டது. தெருவே வெளியே வந்து எட்டிப் பார்த்தது. தாண்டவராயன் வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

நீ அம்மா படத்துக்குக் கற்பூரம் ஏற்றியபோது சித்தப்பா இலையை விட்டு எழுந்து செருப்பைத் தேடினார். "இருடா" என்று அப்பா சொல்வார் என எதிர்பார்த்தார் போல. அப்பா செருப்பு இருக்கிற இடத்தைக் கைகாட்டினார். ரோஜா அந்த இலையில் உட்கார்ந்ததை நீயே பார்த்தாய்.

அவர் உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று எனக்கும் ஆத்திரம்தான். நீங்கள் போன பிறகு நான் சும்மா விடவில்லை. "பெத்த பொண்ணு வந்துட்டுப் போறா, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று கேட்டேன். அதற்கு அவர், "அந்தக் கடைசி அத்தியாயம் இன்னும் வரலியே" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அது தபால்ல வராது, நேர்ல போனாத்தான் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கேட்டு இன்னும் பின்கட்டில்தான் கிடக்கிறது. அவர் மாட்டச் சொல்லவில்லை. சொன்னாலும் மாட்டுவதாக இல்லை.

உன் வீட்டுக்காரர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை பேச எனக்கு நேரம் இல்லாமல் போயிற்று. கேட்டதாகச் சொல்லு.

அக்கா


விழுப்புரம்
7.7.2025

வெண்ணிலாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நான் சுகம். முழங்கால் மட்டும் வலிக்கிறது. அங்கு உன் சுகம், குழந்தை சுகம், மாப்பிள்ளை சுகம் எல்லாம் தெரியப்படுத்தவும்.

கொள்ளு சம்பந்தமாக ரோஜா சொன்னதுதான் சரி. நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன். உன் அம்மாவும்தான். அவளிடம் சொல்ல இப்போது வழி இல்லை.

முத்துசாமி வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். நிறுத்தட்டும்.

கடைசி அத்தியாயம் படிக்கும்போது ஒரு இடத்தில் உன் அம்மா தாளை மடியில் வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். நான் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அது எந்த இடம் என்று உனக்குத் தெரியும். அதை உன் குரலில் கேட்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வல்லரசும் நானும் புறப்பட்டு வருகிறோம். நீ கூப்பிடவில்லை. வருகிறேன்.

மல்லாட்டை நாங்களே எடுத்து வருகிறோம். மாப்பிள்ளையைக் கடைக்கு லீவு விடச் சொல்லு, உரிக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு
தாண்டவராயன்